சப்ளிமேஷனுக்கு மாற்றிய இங்க்ஜெட் பிரிண்டர்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

சப்ளிமேஷன் என்பது படத்தைத் தாளில் அச்சிட்டு, ஹீட் பிரஸ்ஸில் (சூட்டோடு அழுத்தும் கருவி) அழுத்தி, சாயத்தை ஆவியாக்கிப் பாலியஸ்டர் துணியிலோ பூச்சுள்ள மக்கிலோ (கோப்பை) ஏற்றும் முறை. இந்த வேலை கெடுவதற்கு மூன்று இடங்கள் உண்டு: பிரிண்டர், ஹீட் பிரஸ், அச்சேறும் பொருள். புதிதாகத் தொடங்குபவர்கள் எது கெட்டாலும் முதலில் ஹெட் கிளீனிங்கைத்தான் (மை தெளிக்கும் ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்யும் வசதி) ஓட்டுகிறார்கள். மை வீணாகிறது, கோளாறு அப்படியே நிற்கிறது. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் இந்த இரண்டு சோதனைகள்.

ஒன்று, சாதாரண வெள்ளைத் தாளில் நாசில் செக், அதாவது ஹெட்டின் எல்லாத் துளைகளிலும் மை வருகிறதா என்று காட்டும் கோட்டு அச்சு. இரண்டு, ஏற்கனவே நன்றாக அச்சேறிய வெள்ளைப் பாலியஸ்டர் துணியில் ஒரு துண்டு வெட்டி, அதில் அதே படத்தை அழுத்திப் பார்ப்பது. இதற்கென்றே ஒரு மீட்டர் துணி எடுத்து வையுங்கள். நாசில் செக்கில் கோடு விட்டிருந்தால் பிரிண்டரைப் பாருங்கள். நாசில் செக் முழுதாக இருந்தும் துண்டுத் துணியில் கெட்டுப்போனால் பிரஸ் அல்லது நிற அமைப்பு. துண்டுத் துணியில் நன்றாக வந்து, சட்டையிலோ மக்கிலோ மட்டும் கெட்டால் பொருள்தான் காரணம். இது தெரிந்த பிறகு கீழே உங்கள் கோளாறுக்குரிய தலைப்புக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வெப்பத்தையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

## மை ஊற்றிய முதல் நாளே நிறம் வரவில்லை

முதல் முறை மை ஏற்றுவது முடியவில்லை. டேங்கை நிரப்பியதும் பிரிண்டர் மையைக் குழாய் வழியாக ஹெட்டுக்கு இழுக்கும். மாடலைப் பொறுத்து இதற்கு 10 முதல் 20 நிமிடம்கூட ஆகலாம். நடுவில் அணைத்திருந்தால் குழாயில் காற்று நிற்கும். மூடியைத் திறந்து குழாய்களைப் பாருங்கள். மையும் வெற்றிடமும் மாறி மாறித் தெரிந்தால் அதுதான் காரணம். ஒரு முறை ஹெட் கிளீனிங் ஓட்டி, சில மணி நேரம் விட்டு, மறுபடி பாருங்கள்.

டிரான்ஸ்போர்ட் லாக் பூட்டியிருக்கிறது. சில பழைய டேங்க் மாடல்களில் மட்டும் உண்டு. டேங்கின் பக்கத்தில் ஒரு சிறிய திருகு. அது மூடிய நிலையில் இருந்தால் மை ஒரு சொட்டும் போகாது.

பிரிண்டரே பொருந்தாதது. கேனன், எச்பி வீட்டு மாடல்களின் ஹெட் மையைச் சூடாக்கித் தள்ளுவது. வெப்பத்தில் ஆவியாகும் சாயம் அதற்கு ஒத்துவராது. ஹெட் சீக்கிரம் அடைத்துப் போகும். எப்சன் போல பீசோ ஹெட் (சூடாக்காமல் மையைத் தள்ளுவது) உள்ளதுதான் மாற்றத்துக்கு ஏற்றது. இங்கே சரிசெய்ய ஒன்றும் இல்லை, பிரிண்டரை மாற்ற வேண்டும்.

## முதல் சில படங்கள் நன்றாக இல்லை, போகப் போகத் தேறுகிறது

பயன்படுத்திய பிரிண்டரை மாற்றினால் இது வரும். டேங்கைக் காலி செய்தாலும் குழாயிலும் டாம்பரிலும் (ஹெட்டுக்கு முன் உள்ள சிறு மை அறை) பழைய மை மிச்சம் இருக்கும். பழைய மை சேர்ந்த இடம் தாளில் அடர்த்தியாகத் தெரியும், துணியில் ஏறாது. நான்கு நிறமும் நிறைந்த பக்கங்களைச் சாதாரணத் தாளில் அச்சிட்டுக்கொண்டே வந்து, ஐந்து பக்கத்துக்கு ஒரு முறை ஒரு சிறு துண்டை அழுத்திப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளின் நிறம் ஒன்றுபோல வந்தால் பழைய மை தீர்ந்தது.

பழைய மையில் கறுப்பு பிக்மென்ட் வகையாக (கரையாத நிறத் துகள் உள்ள மை) இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பல டேங்க் மாடல்களில் வண்ணங்கள் மூன்றும் டை (கரைந்த சாயம்), கறுப்பு மட்டும் பிக்மென்ட். அதைப் பக்கம் அச்சிட்டுத் தீர்ப்பது கடினம். ஹெட்டில் படிந்தால் எடுப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட பிரிண்டரை ஒருமுறைகூட ஒரிஜினல் மை ஊற்றாமல், பெட்டியைப் பிரித்ததும் மாற்றுவதே நல்லது.

## நாசில் செக்கில் கோடுகள் விடுபடுகின்றன

### அங்கங்கே சில கோடுகள் மட்டும்

ஒரு வாரம் சும்மா இருந்த பிரிண்டரில் இது சகஜம். சப்ளிமேஷன் மையில் சாயம் கரைந்திருப்பதில்லை, நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. அசையாமல் இருந்தால் அடியில் தங்கும்.

ஹெட் கிளீனிங் ஒன்று, பிறகு நாசில் செக். மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து போகாதீர்கள். மூன்றிலும் சரியாகாவிட்டால் அணைத்துவிட்டுக் குறைந்தது 12 மணி நேரம் சும்மா விடுங்கள். காய்ந்த மை இளகவும் நுண்குமிழி மேலேறவும் இந்த ஓய்வு தேவை. பல நேரம் கிளீனிங் செய்யாத வேலையை இந்த ஓய்வு செய்துவிடும்.

மறுநாள் பார்க்கும்போது, விட்ட கோடுகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று முந்தைய தாளோடு ஒப்பிடுங்கள். இதற்காகவே நாசில் செக் தாள்களைத் தேதி எழுதிச் சேர்த்து வைக்க வேண்டும். விடுபட்ட இடம் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால் அது காற்று. மை வரத்தைப் பாருங்கள். அதே இடம் திரும்பத் திரும்ப விட்டால் அது அடைப்பு.

### ஒரு நிறம் முழுக்கக் காணோம்

1. டேங்கைக் கண்ணால் பாருங்கள். பல மாடல்களில் திரையில் காட்டும் மை அளவு வெறும் கணக்குத்தான். டேங்கு காலியானாலும் நிறைந்ததாகக் காட்டும்.
2. டேங்கு மூடிக்குப் பக்கத்தில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா பாருங்கள். நிரம்ப வழிய ஊற்றினால் அதில் மை ஏறிக் காய்ந்துவிடும்.
3. டேங்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் மட்டும் பவர் கிளீனிங் (குழாயில் உள்ள மையையே வெளியேற்றும் பலத்த கிளீனிங்) ஒரு முறை. இது நிறைய மை குடிக்கும். டேங்கு குறைவாக இருக்கும்போது ஓட்டினால் காற்றை இழுத்துவிடும். அடுத்ததுக்கு 12 மணி நேர இடைவெளி.

### கிளீனிங் செய்யச் செய்ய மோசமாகிறது

ஹெட் அல்ல, ஹெட் வந்து உட்காரும் கேப்பிங் ஸ்டேஷனைச் சந்தேகப்படுங்கள். அதன் ரப்பர் விளிம்பில் மை கட்டிக்கொண்டால் உறிஞ்சும் பிடிப்பு போய்விடும்.

சோதிப்பது இப்படி. ஒரு பக்கம் அச்சிடக் கொடுங்கள். ஹெட் நடுவுக்கு வந்ததும் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். இப்போது ஹெட்டைக் கையால் மெதுவாக நகர்த்தலாம். வலது கோடியில் சிறிய தொட்டி போல, நடுவில் பஞ்சு வைத்து இருப்பதுதான் கேப். சிரிஞ்சால் ஹெட் கிளீனிங் திரவத்தை, இல்லாவிட்டால் டிஸ்டில்டு வாட்டரை, பஞ்சு நனைந்து விளிம்புவரை நிற்கும் அளவு விடுங்கள். ரப்பர் விளிம்பைப் பஞ்சு முனைக் குச்சியால் துடையுங்கள். பத்து நிமிடம் கழித்து மின்சாரம் கொடுத்து ஒரு கிளீனிங். பிறகு மறுபடி அதேபோல நிறுத்திப் பாருங்கள். தொட்டி வற்றியிருந்தால் பம்பு நலம். திரவம் அப்படியே நின்றால் பம்பு அல்லது அதன் குழாய் அடைத்திருக்கிறது.

### டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்

கேப் வற்றவில்லை, அல்லது கேப் நன்றாக இருந்தும் இரண்டு பவர் கிளீனிங்குக்குப் பிறகும் ஒரு நிறம் வரவில்லை. இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஹெட்டைக் கழற்றிச் சிரிஞ்சால் அழுத்தி அடைப்பு எடுக்கும் முறையைப் பலர் வீட்டிலேயே முயல்கிறார்கள். ஹெட்டின் தட்டையான கேபிள் முனையில் ஒரு சொட்டு ஈரம் பட்ட நிலையில் மின்சாரம் கொடுத்தால் ஹெட்டும் போகும், மெயின் போர்டும் போகும். ஹெட் மாற்றும் செலவு சில நேரம் புதுப் பிரிண்டரின் விலைக்கே பக்கத்தில் வந்துவிடும். வேலையைத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

## நாசில் செக் முழுதாக இருக்கிறது, படத்தில் குறுக்குக் கோடு

பிரிண்ட் தரத்தை 'ஹை' என்று வையுங்கள். 'ஹை ஸ்பீட்' அல்லது 'பைடைரக்ஷனல்' டிக்கை எடுங்கள். பேப்பர் டைப் 'மேட்'. பாதிக்கு மேல் கோளாறு இதோடு தீரும். தீராவிட்டால் ஹெட் அலைன்மென்ட் (ஹெட் இடும் வரிகளை நேராக்கும் வசதி) ஓட்டுங்கள்.

நீண்ட படத்தின் மேல்பாதி நன்றாக வந்து கீழே போகப் போக ஒரு நிறம் தேய்ந்தால் மை வேகத்துக்கு ஈடுகொடுத்து வரவில்லை: காற்றுத் துளை, மடங்கிய குழாய், குறைந்த டேங்கு என்ற வரிசையில் பாருங்கள்.

## படம் மங்கலாக இருக்கிறது

### தாளில் மட்டும் மங்கல்

கோளாறே இல்லை. அழுத்துவதற்கு முன் சப்ளிமேஷன் அச்சு வெளிறித்தான் இருக்கும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். தாளைப் பார்த்து மை அடர்த்தியைக் கூட்டாதீர்கள்.

### துணியிலும் மங்கல்

அழுத்திய பிறகு எடுத்த தாளைப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். தாளில் மெல்லிய நிழல் மட்டும் மிச்சமிருந்தால் மை போய்விட்டது, குறை துணியில். தாளில் படம் இன்னும் பளிச்சென்று இருந்தால் மை ஏறவே இல்லை. குறை வெப்பத்தில், நேரத்தில், அழுத்தத்தில். தாளே பழுப்பேறியிருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

தாளின் தவறான பக்கம். பூச்சுள்ள பக்கம் கூடுதல் வெண்மையாக இருக்கும். பின்பக்கம் பல தாள்களில் சற்று நிறம் மாறியோ முத்திரையோடோ இருக்கும். பின்புறமாகத் தாள் வைக்கும் பிரிண்டரில் பூச்சுப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். முன் தட்டில் வைப்பதில் கீழே பார்த்து.

துணியில் பாலியஸ்டர் போதவில்லை. சாயம் பாலியஸ்டரில்தான் பிடிக்கும். 65 சதவீதம் என்றால் பழசான தோற்றம்தான் வரும், 100 என்றால் முழு நிறம். லேபிளில் நம்பிக்கை இல்லை என்றால் ஒரு நூலை இழுத்து, கவனமாக நெருப்பில் காட்டுங்கள். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். பஞ்சு நூல் எரிந்து சாம்பலாக உதிரும்.

அடர் நிறத் துணி. இந்த மையில் வெள்ளை கிடையாது. கறுப்புச் சட்டையில் எத்தனை முறை அழுத்தினாலும் வராது.

பிரஸ் காட்டும் வெப்பம் உண்மையல்ல. திரையில் 200° இருக்கும், மூலையில் 180°கூட இருக்காது. தட்டின் நடு, நான்கு மூலை என ஐந்து இடங்களில் தெர்மாமீட்டர் வைத்து அளந்து, குறித்து பிரஸ்ஸிலேயே ஒட்டிவையுங்கள். 10° வரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைந்தால் அந்த அளவு கூட்டி வைத்துக்கொள்ளலாம். மூலைக்கு மூலை மாறினால் ஹீட்டர் கம்பி அல்லது சென்சார். அதை மின்சாரம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

தொடக்க அளவுகள்: பாலியஸ்டர் துணிக்கு 190–200 டிகிரி செல்சியஸ், 45–60 விநாடி, நடுத்தர அழுத்தம். மக்குக்கு 180–200 டிகிரி, 150–240 விநாடி, மக் பிரஸ்ஸைப் பொறுத்து.

## நிறம் தப்பாக வருகிறது

### நீலம் ஊதாவாகிறது, சிவப்பு ஆரஞ்சாகிறது

உங்கள் மைக்கான ஐசிசி புரொஃபைல் (மைக்கும் தாளுக்கும் ஏற்ப நிறத்தைத் திருத்தும் கோப்பு) போடவில்லை, அல்லது போட்டும் வேலை செய்யவில்லை. பிரிண்டர் தன்னிடம் ஒரிஜினல் மை இருப்பதாக நினைத்துத்தான் கலக்கிறது. மை வாங்கிய இடத்தில் உங்கள் மாடலுக்கும் தாளுக்கும் உரிய புரொஃபைல் கேளுங்கள்.

போட்டும் மாறவில்லை என்றால் மென்பொருளும் பிரிண்டர் டிரைவரும் ஒரே நேரத்தில் நிறத்தைத் திருத்துகின்றன. ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் நிறத்தை மென்பொருளே கவனிக்கட்டும் என்று வைத்துப் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' அல்லது 'ஆஃப்' ஆக்குங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். வேர்டிலிருந்தோ பிரவுசரிலிருந்தோ நேராக அச்சிட்டால் புரொஃபைல் தேர்வே கிடைக்காது. படத்தைச் சேமித்து, அந்தத் தேர்வு உள்ள மென்பொருளில் திறந்து அச்சிடுங்கள்.

ஆறு நிறப் பிரிண்டரில் தோல் நிறம் மட்டும் சிவந்து கனத்தால், லைட் மெஜந்தா டேங்கில் மெஜந்தா போயிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டிலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும்.

### கறுப்பு பழுப்பாகவோ பச்சை கலந்தோ வருகிறது

புரொஃபைல் சரி என்றால் மிச்சமிருப்பது வெப்பமும் நேரமும். எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது மைக்கு மை மாறும், அதனால் ஊகிக்காமல் ஒரு சோதனைப் பட்டை செய்யுங்கள். இரண்டு அங்குலக் கறுப்புச் சதுரம், அதன் கீழே மெல்லிய எழுத்தில் ஒரு வரி. இதை ஐந்து தடவை அச்சிட்டு வெட்டி, 200°-ல் 35, 45, 55, 65, 75 விநாடிகள் என ஒவ்வொன்றாக அதே துணியில் அழுத்துங்கள். துணியிலேயே விநாடியை எழுதுங்கள். முழுக்க ஆறிய பிறகு பகல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் கறுப்பின் அடர்த்தி ஏறாது, எழுத்தின் ஓரம் மட்டும் பூக்க, அதாவது மங்கிப் பரவ, தொடங்கும். பூப்பதற்கு முன் கறுப்பு நன்றாக உட்கார்ந்த நேரமே உங்கள் நேரம். புது மை, புதுத் தாள், புதுத் துணி எது வந்தாலும் இந்தப் பட்டையை மறுபடி செய்ய வேண்டும்.

### போன மாதம் சரியாக வந்தது, இப்போது மாறுகிறது

நாசில் செக்கைப் பாருங்கள். மஞ்சள் விடுபட்டால் வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது, நீல வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். அதுவும் சரி என்றால் சாயம் அடியில் தங்கியிருக்கலாம். பாட்டிலை ஊற்றுவதற்கு முன் மெதுவாகப் புரட்டுங்கள், குலுக்கினால் நுரைக்கும். வேலை இல்லாத வாரத்திலும் இரண்டு முறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கம் அச்சிடுங்கள்.

## படத்துக்குப் பக்கத்தில் நிழல்

பிரஸ்ஸைத் திறக்கும் நொடியில் தாள் நகர்ந்திருக்கிறது. மை அப்போதும் ஆவியாகிக்கொண்டிருப்பதால் நகர்ந்த இடத்திலும் ஏறும். ஹீட் டேப்பால் குறைந்தது இரண்டு பக்கம் ஒட்டுங்கள், பிரஸ்ஸை மெதுவாகத் திறங்கள், தாளை ஒரே வீச்சில் எடுங்கள்.

தாளின் விளிம்பு துணியில் சதுரக் கோடாகப் பதிந்தால் அது வேறு கதை: அழுத்தம் அதிகம். அழுத்தத்தைக் குறையுங்கள், தாளின் ஓரத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து வையுங்கள், துணிக்கு உள்ளே படத்தைவிடப் பெரிதான, தாளைவிடச் சிறிதான ஃபோம் பேட் கொடுங்கள்.

## புள்ளிகள், திட்டுகள், வேண்டாத கறைகள்

சிறு நீலப் புள்ளி, நூல் போன்ற கோடு: தூசும் நூலும். வெள்ளைத் துணியில் கண்ணுக்குத் தெரியாத நூல் துண்டு அழுத்தியதும் நீலமாகத் தெரியும். ஒவ்வொரு துணியையும் ஒட்டும் ரோலரால் உருட்டுங்கள்.

மை பரவிய திட்டு: ஈரம். துணியை 5–10 விநாடி வெறுமனே அழுத்தி ஈரத்தை ஓட்டுங்கள். அச்சிட்ட தாளைச் சில நிமிடம் காயவிடுங்கள். மிச்சத் தாள்களைக் காற்றுப் புகாத உறையில் மூடி வையுங்கள்.

முந்தைய படத்தின் நிழல்: பிரஸ் தட்டுக்கும் தாளுக்கும் நடுவில் போடும் டெஃப்ளான் ஷீட்டில் ஏறிய மை திரும்பி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் புதிய பட்டர் பேப்பர், மேலே ஒன்று கீழே ஒன்று, ஒரே முறை பயன்படுத்தித் தூக்கிப் போடுங்கள். சட்டையின் முதுகுப் பக்கம் கறை ஏறாமல் இருக்க உள்ளேயும் ஒன்று. தாளைச் சேமிக்கப் போய்ச் சட்டையை இழப்பதில் லாபமில்லை.

## மக்கில் மட்டும் கெடுகிறது

மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வெளிறினால் மக்கைச் சுற்றும் ஹீட்டர் பட்டையின் சூடு அங்கே எட்டவில்லை. படத்தை விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளுங்கள், அல்லது 20 விநாடி கூட்டுங்கள். கைப்பிடிப் பக்கம் மட்டும் வெளிறினால் தாள் இறுக்கமாகச் சுற்றவில்லை. டேப்பை இழுத்து ஒட்டுங்கள்.

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த மக்குகளில் ஒன்று பளிச், ஒன்று மங்கல் என்றால் பூச்சுத் தரம். அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். பிரஸ்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பயனில்லை. எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால், அச்சிடும்போது மிரர் (கண்ணாடிப் பிம்பம்) டிக் விட்டுப்போனது, வேறொன்றுமில்லை.

## தாள் சரியாகப் போகவில்லை, சக்கரத் தடம் விழுகிறது

தாள் இழுக்கவில்லை என்றால் பத்துத் தாளுக்கு மேல் வைக்காதீர்கள். சுருண்ட தாளை எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து நிமிர்த்துங்கள். ரோலரை ஈரமான, நூல் உதிராத துணியால் துடையுங்கள்.

அடர்ந்த நிறத்தின் மேல் வரிசையாகக் குட்டிப் புள்ளிகள் விழுந்தால் அது வெளியேறும் பக்கத்து நட்சத்திரச் சக்கரம். மை காயும் முன் மிதிக்கிறது. அதிக மை இறங்காதபடி தரத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள், வேகமாகக் காயும் தாள் வாங்குங்கள். சக்கரங்களைக் கழற்றும் வேலை தொடக்கக்காரருக்கு வேண்டாம். தாள் மேலெழும்பி ஹெட்டில் உரசும்.

## பிரிண்டர் வேலை செய்ய மறுக்கிறது

கார்ட்ரிட்ஜ் தெரியவில்லை என்கிறது. மறுநிரப்புக் கார்ட்ரிட்ஜ் போட்ட மாடல்களில் வரும். கழற்றி, சிப்பின் தகட்டை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி போடுங்கள். மென்பொருள் அப்டேட் ஆன பிறகு வந்திருந்தால் அந்த சிப் இனி ஏற்காது. புதிய சிப் மாற்ற வேண்டும். தானியங்கி அப்டேட்டை முதல் நாளே அணைத்து வையுங்கள்.

வேஸ்ட் இங்க் பேட் நிரம்பியது என்கிறது. ஒவ்வொரு கிளீனிங்கிலும் வெளியேறும் மையை அடியில் உள்ள பஞ்சு உறிஞ்சுகிறது. சில மாடல்களில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் தனியாகக் கழலும், நீங்களே மாற்றலாம். மற்றவற்றில் ரீசெட் மென்பொருளால் எண்ணிக்கையை மட்டும் பூஜ்யமாக்குவது ஆபத்து. பஞ்சு உண்மையிலேயே நிறைந்திருக்கும். ஒரு நாள் அடியிலிருந்து மேசையில் மை கசியும், மின்பகுதியில் பட்டால் பிரிண்டர் அதோடு சரி. பஞ்சை மாற்றி, அதன் பிறகு ரீசெட் செய்யச் சொல்லி டெக்னீஷியனிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பது சப்ளிமேஷன் மை என்று டேங்கின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் சோதித்துப் பார்க்க அவர் சாதாரண மையை ஊற்றிவிடுவார்.